ஆடியில் அறுந்த பெல்ட்

"வண்டியைச் சரி பண்றதா, காயலான் கடைக்குப் போடறதா? ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

சடையப்பன் வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது, இன்னொன்று காலிலேயே இருந்தது.

சாமியம்மா ஏணிமேல் நின்று சமாதிக் கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். இறங்கவில்லை.

"எந்த வண்டி அண்ணே?"

"எனக்கு இருக்கறது ஒரே வண்டிதானே சாமி."

"இருந்ததுன்னு சொல்லுங்க. இப்ப அது மெக்கானிக் பாய் ஷெட்டுல கிடக்கே."

சாமியம்மா என்றதும் நரைத்த சடை, ருத்திராட்சம் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது வயது இருக்கும். வெளுத்த பருத்திச் சேலை, கையெல்லாம் சுண்ணாம்பு. எங்கிருந்து வந்தாள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில்.

சடையப்பனுக்கு அறுபது நெருங்குகிறது. மலைமேல் சேம்பரை ஊரில் மளிகைக் கடை, கூடவே ஒரு பழைய கார். அமாவாசைக்கு அமாவாசை அடிவாரத்துக்கு இறங்கி வந்து சமாதி விளக்குக்கு எண்ணெய் கொடுத்துவிட்டு, அவள் காலில் விழுந்துவிட்டுப் போவார். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளைச் சாமி என்பார். இருவருக்கும் அதில் ஒரு வில்லங்கமும் இல்லை.

இன்று அமாவாசை இல்லை. கையில் எண்ணெயும் இல்லை.

"மச்சான் வித்துத் தொலைங்கறாரு. பொண்டாட்டி அந்த வண்டி வாசலுக்கே வரக்கூடாதுங்கறா. ஜோசியர், எழவு விழுந்த வண்டி, தலையச் சுத்திப் போடுங்கறாரு. பாய் என்னன்னா சரி பண்ணலாம், ஆனா செலவு வண்டி விலையைத் தாண்டும்ங்கறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

"வண்டிக்கு என்ன ஆச்சு?"

"டைமிங் பெல்ட் அறுந்துருச்சு சாமி."

"அப்படின்னா?"

சடையப்பனுக்கு இதைச் சொல்ல வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது.

"இஞ்சினுக்குள்ள மேல வால்வு, கீழ பிஸ்டன். ஒண்ணு இறங்கறப்ப ஒண்ணு ஏறும். ரெண்டும் மோதிக்காம பாத்துக்கறது ஒரு ரப்பர் பெல்ட்டு. அது அறுந்தா மேல கீழ எல்லாம் அடிச்சுக்கும். வால்வு வளைஞ்சிரும். வண்டி நின்ன இடத்துல நின்னுரும்."

"முன்னாடியே சத்தம் கித்தம் போடாதா?"

"போடாது சாமி. மூடி போட்டு உள்ள இருக்கும். அறுந்தாத்தான் தெரியும்."

"அப்ப எப்ப மாத்தறதுன்னு எப்படித் தெரியும்?"

"ஓட்டக் கணக்கு இருக்கு. மெக்கானிக் சொல்லுவாரு."

"பாய் சொல்லலையா?"

சாமியம்மா மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தாள்.

"சொன்னாரு," என்றார் சடையப்பன்.

"எப்ப?"

"ஆனி கடைசியில. இதுக்கு மேல ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க அப்படின்னாரு."

"நீங்க?"

"ஆடி பொறக்கப் போவுதே பாய், ஆடியில இஞ்சினைப் பிரிக்க வேண்டாம், ஆவணி பொறந்ததும் முத வேலையா வந்துடறேன்னு சொன்னேன்."

ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டோம், புது வீடு குடிபோகமாட்டோம். நம் வழக்கம் அப்படி. மலையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பார்கள். புதுத் துடைப்பம்கூட வாங்கமாட்டார்கள்.

பெல்ட்டுக்கு இந்த வழக்கமெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, மலைப்பாதையின் இருபதாவது வளைவில் அறுந்தது.

பின் சீட்டில் அதே ஊர் தனராசுவின் மனைவி செவந்தி பிரசவ வலியோடு படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார். முன்னால், வண்டி ஓட்டிய சடையப்பனுக்குப் பக்கத்தில் தனராசு. அந்த வளைவில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. தனராசு மேலே ஓடி, பால் வண்டியைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பெரியாஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இதைக் கேட்ட சடையப்பன் உள்ளே போகவில்லை. அப்படியே திரும்பி நடந்தார். ஒன்றரை மாதம் ஆயிற்று. கடைக்குத் தனராசு வீட்டு ஆட்கள் யாராவது வந்தால் சடையப்பன் உள்ளே போய்விடுவார், அவர் மனைவி சாமான் கட்டிக் கொடுப்பாள்.

"எலுமிச்சம்பழம் மாத்துனீங்களா அண்ணே?"

"எதுக்கு சாமி?"

"வண்டி முன்னாடி மொளகாயோட கோத்துத் தொங்க விட்டிருப்பீங்களே, அது."

"ஒரு வெள்ளிக்கிழமை தவறல சாமி. ஆடி வெள்ளிக்கு ரெண்டு பழமாவே கட்டினேன்."

"பெல்ட்டு?"

"மாத்தல."

சாமியம்மா ஏணியை விட்டு இறங்கினாள். கையைச் சேலையில் துடைத்தாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் விதின்னு சொல்றாங்க சாமி," என்றார் சடையப்பன். "அந்தப் புள்ள ஆயுசு அவ்வளவுதான், நீ என்னய்யா பண்ணுவேன்னு சொல்றாங்க."

"நீங்க மாத்தல," என்றாள் சாமியம்மா.

சடையப்பன் அவளைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஒன்றரை மாதத்தில் அவர் அழுதது அன்றைக்குத்தான். அவமானமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. அந்த வார்த்தையை ஒருத்தராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் ஊரெல்லாம் அலைந்திருக்கிறார். அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

சாமியம்மா தடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று இருந்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"வால்வு எத்தனை வளைஞ்சுது?"

"எட்டு சாமி. எட்டும் போச்சு."

"பொறந்தது என்ன புள்ள?"

"என்னது?"

"ஆம்பளப் புள்ளையா, பொட்டப் புள்ளையா?"

சடையப்பன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"தெரியாது சாமி."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அப்புறம் வண்டியைப் பத்திப் பேசலாம்."

அவள் மறுபடி ஏணியில் ஏறிவிட்டாள்.

*

வீட்டில் மனைவியைக் கேட்டார்.

"அதை எதுக்கு இப்பக் கிளர்றீங்க?" என்று சீறினாள் அவள். "செத்துப் பொறந்ததைப் பேசப்படாது. பேசினா அடுத்தது தங்காது. ஊரே வாயைப் பொத்திக்கிட்டு இருக்கு, இவரு ஒருத்தரு பொறப்பட்டுட்டாரு."

அவள் சொன்னதும் வாஸ்தவம்தான். சேம்பரையில் அப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. மூச்சு விடாத பிள்ளைக்குத் தீட்டுக் கிடையாது, துக்கம் கேட்கிறது கிடையாது, பேச்சே கிடையாது. வாழை மரத்தடியில் வைத்து மூடிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

மறுநாள் பால் வண்டிக்காரனை மடக்கினார். அவன் ஆஸ்பத்திரிக்குள் போனவன். பட்டென்று சொல்லிவிட்டான்.

சடையப்பன் அடுத்த பஸ்ஸிலேயே அடிவாரத்துக்கு இறங்கினார். போகிற வழியில் ஷெட் இருக்கிறது. தாவூத் பாய் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"என்ன பெரியவரே, ஒரு முடிவு சொல்லுங்க. இஞ்சினைப் பிரிச்சுப் போட்டு வாரக்கணக்காச்சு. மழை வரப்போவுது, எனக்கு இடம் வேணும்."

தார்ப்பாய் விரித்து அதன்மேல் இஞ்சின் துண்டு துண்டாகக் கிடந்தது. வளைந்த வால்வுகளை ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தார்கள். அறுந்த பெல்ட்டும் அதிலேயே கிடந்தது. சடையப்பன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நீங்களா இருந்தா என்ன பாய் பண்ணுவீங்க?"

"நான் மெக்கானிக். சரி பண்ணுங்கன்னுதான் சொல்லுவேன். வேற என்ன சொல்லுவேன்?"

"வண்டி பழையபடி ஓடுமா?"

"வண்டி ஓடும். நீங்க ஓட்டுவீங்களான்னு எனக்குத் தெரியாதே."

சடையப்பன் நடையைக் கட்டினார்.

சாமியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"பொண்ணுதான் சாமி!" என்றார் தூரத்திலிருந்தே.

"யாரு சொன்னா?"

"பால் வண்டிக்காரன்."

"பால் வண்டிக்காரனா பெத்தான்?"

சடையப்பன் நடுரோட்டில் நின்றார்.

"சாமி, அந்த வீட்டுப் படியை நான் மிதிக்க முடியாது. எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போவேன்?"

"இருக்கற முகத்தை வச்சுக்கிட்டுத்தான். இதுக்குன்னு புதுசா ஒண்ணு செஞ்சா தரமுடியும்?"

"என்னைப் பாத்தா அவங்களுக்கு வயிறு எரியும்."

"எரியட்டும்."

"தனராசு அடிச்சாலும் அடிப்பான்."

"அடிச்சா வாங்கிக்கங்க."

"சாமி, நான் ஒரு கேள்விதான் கேட்டேன். வண்டியை வச்சுக்கறதா வேண்டாமான்னு. அதுக்கு ஒரு ஆமா, இல்லை. அவ்வளவுதானே?"

சாமியம்மா குடத்தை இறக்கி வைத்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"அண்ணே, அந்த வண்டியில நானா படுத்திருந்தேன்? உங்க மச்சானா படுத்திருந்தாரு? ஜோசியரா? ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் கேட்டாச்சு. வண்டிக்குள்ள இருந்தவளைக் கேட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேக்கலேன்னா போங்க. கேட்டுட்டு வாங்க. இல்லேன்னா இனிமே எண்ணெயும் கொண்டுவர வேண்டாம்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பத்து வருஷத்தில் அவள் அவரிடம் இப்படிப் பேசினதில்லை. சடையப்பனுக்குக் கோபம் வந்தது. இவளும் ஒரு சாமியா என்றுகூட நினைத்தார். பஸ்ஸில் மலையேறும் வரை நினைத்துக்கொண்டே வந்தார். இருபதாவது வளைவில் கண்ணை மூடிக்கொண்டார்.

*

செவந்தி வீட்டு முற்றத்தில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். தனராசு காட்டுக்குப் போயிருந்தான். மாமியார் உள்ளே இருந்தாள். வந்தவரைப் பார்த்ததும் உள்ளேயே இருந்துகொண்டாள்.

சடையப்பன் படலுக்கு வெளியே நின்றார். வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அவரே படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவளுக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தார்.

கத்தி நிற்கவில்லை. தோல் சுருள் சுருளாக விழுந்தது.

"செவந்தி," என்றார். கனைத்துக்கொண்டார். "பொண்ணாம்மா? பையனா?"

கத்தி நின்றது.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சடையப்பன் வசவுக்குக் காத்திருந்தார். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார்.

"பொண்ணு பெரியப்பா," என்றாள்.

"ம்."

"தலை நிறைய முடி. நெத்தி வரைக்கும் இறங்கியிருந்துச்சு."

"ம்."

"ஒரு காது மட்டும் மடல் மடிஞ்சிருந்துச்சு. எங்கப்பாவுக்கு அப்படித்தான் இருக்கும். நர்சம்மா துணியில சுத்திக் கொண்டுபோகப் போனாங்க. குடுங்கன்னு கேட்டு வாங்கி மடியில வச்சுக்கிட்டேன். வெதுவெதுன்னு இருந்துச்சு."

சடையப்பன் தலையாட்டினார்.

"மூணாம் நாள் பால் கட்டிக்கிச்சு. அத்தை மல்லிப்பூ வச்சுக் கட்டினாங்க, பால் வத்தறதுக்கு. வீடெல்லாம் பூ வாசனை. வீட்டுல ஏதோ விசேஷம் மாதிரி."

உள்ளே மாமியார் விசும்பும் சத்தம் கேட்டது.

"யாருமே கேக்கல பெரியப்பா. கிணத்தடிக்குப் போனா வண்டியைப் பத்திப் பேசறாங்க. பெல்ட்டாம், வால்வாம், இஞ்சினாம். உங்க வண்டிக்கு வந்த கதி ஊருக்கே அத்துப்படி. எம் புள்ளைக்கு வாய் எப்படி இருந்துச்சு, கண்ணு எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. எம் புருசன்கூடக் கேக்கல. நீங்கதான் கேட்டிருக்கீங்க."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். குழந்தையின் நகத்தைப் பற்றிச் சொன்னாள். வயிற்றுக்குள் இருக்கும்போது எந்தப் பக்கம் உதைக்கும் என்று சொன்னாள். கம்பங்கூழ் குடித்தால் அடங்கியிருக்கும், காபி குடித்தால் துள்ளும். சொல்லும்போது ஓரிடத்தில் சிரித்தாள். பிறகு அழுதாள்.

"பேரு வச்சிருக்கேன்."

சடையப்பன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்."

"வேண்டாம்மா."

கிழங்கின்மேல் ஈ மொய்த்தது. அவள் முந்தானையால் விசிறினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா பெரியப்பா?"

"கேளும்மா."

"வண்டி நின்னப்புறம் நீங்க சாவியைத் திருகிக்கிட்டே இருந்தீங்க. அது கிர்ரு கிர்ருன்னு சுத்துது, பத்திக்கல. மறுபடி திருகுறீங்க. மறுபடியும் திருகுறீங்க. நான் பின்னாடி பெரியப்பா பெரியப்பான்னு கத்தறேன். ஏன் ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்கல?"

சடையப்பன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

உண்மை அதுதான். அவர் திரும்பவில்லை. எதிரே கண்ணாடியில் அவள் தெரிந்தாள், அதையும் பார்க்கவில்லை. சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயம்மா," என்றார். "பாத்தா என்ன பண்றதுன்னு தெரியல. சாவியைத் திருகினா ஏதோ பண்ற மாதிரி இருந்துச்சு."

அந்தப் பதிலை அவள் ஒப்புக்கொண்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"பாய் ஆனியிலயே மாத்தச் சொன்னாரு," என்றார். "நான்தான் ஆடி போகட்டும்னு விட்டேன். இது விதி இல்லம்மா. நான் மாத்தல. என்னை மன்னிச்சுரு."

"மாட்டேன்," என்றாள் செவந்தி.

சட்டென்று சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

சடையப்பன் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். படல்வரை போனவரை அவள் கூப்பிட்டாள்.

"வண்டியை என்ன பண்ணப் போறீங்க?"

கேட்க வந்த கேள்வியை அவர் அடியோடு மறந்து போயிருந்தார்.

"காயலான் கடைக்குப் போட்டுடறேம்மா. இனிமே உன் கண்ணுல அது படாது."

"என் கண்ணுலயா, உங்க கண்ணுலயா?"

அவர் திரும்பிப் பார்த்தார். செவந்தி எழுந்து நின்றிருந்தாள். கத்தி கையிலேயே இருந்தது. இப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்திருந்தது.

"எங்க நாத்தனா மாசமா இருக்கா. தையில பேறுகாலம். இந்த மலையில அவசரத்துக்குக் கூப்பிட வேற யாருகிட்ட வண்டி இருக்கு? நீங்க பாட்டுக்கு வித்துட்டு நிம்மதியா கடையில உக்காந்துக்குவீங்க. அவளை நாங்க தூளி கட்டித் தூக்கிக்கிட்டு இறங்கறதா?"

"அதில்லம்மா..."

"சரி பண்ணுங்க. பெல்ட்டைப் புதுசா போடுங்க. போட்டுட்டு எங்கிட்ட வந்து போட்டாச்சுன்னு சொல்லுங்க. மார்கழி, ஆடின்னு எவன் என்ன சொன்னாலும் மாத்தற அன்னைக்கு மாத்துங்க."

சடையப்பன் இரண்டு கைகளையும் அவள் முன் நீட்டிக் காட்டினார்.

"அந்தச் சீட்டுல உக்காந்தேன்னாலே உன் சத்தம்தாம்மா கேக்கும். இங்க பாரு. இப்பவே கை நடுங்குது."

செவந்தி அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"நடுங்கட்டும் பெரியப்பா. நடுங்கிக்கிட்டே ஓட்டுங்க."